சங்கிலி ரம்பம்: எல்லாப் பல்லும் ஒரே அளவில்

சங்கிலி ரம்பத்தின் பற்கள் இரண்டு வகை. ஒன்று வெட்டுத்தடத்தின் இடப்பக்கத்தை அறுக்கும், மற்றொன்று வலப்பக்கத்தை. 16 அங்குல பாரில் (சங்கிலியைத் தாங்கும் நீண்ட தகடு) ஓடும், 56 ஓட்டுக்கண்ணிகள் (பாரின் பள்ளத்துக்குள் ஓடுபவை) உள்ள சாதாரணச் சங்கிலியில் 28 பற்கள் இருக்கும்: இடப்பல் 14, வலப்பல் 14, மாறி மாறி. பெட்ரோல் ரம்பத்தில் இவை நொடிக்கு 20 மீட்டரைத் தாண்டிய வேகத்தில் மரத்தைக் கடந்து போகின்றன. அத்தனை பல்லும் ஒரே நீளம், ஒரே கோணம், ஒரே ஆழம் என்று இருந்தால் ரம்பம் தன் எடையிலேயே மரத்துக்குள் இறங்கும். பிடித்திருப்பவர் வழிகாட்டினால் போதும். பாதிப் பல் நீளமாகவும் பாதிப் பல் குட்டையாகவும் இருந்தால், தனித்தனியாக ஒவ்வொன்றும் கூராகவே இருந்தாலும், ரம்பம் அதிரும், ஒரு பக்கமாக இழுக்கும், அடிமரத்தில் நேராகத் தொடங்கிய வெட்டு கோணலாக முடியும். வீட்டிலேயே சங்கிலி தீட்டுபவர்களுக்குக் கூர் ஏற்றுவது சீக்கிரம் கைவந்துவிடும். எல்லாப் பல்லையும் சமமாகக் கொண்டுவரத்தான் பொறுமையும் முறையும் தேவைப்படுகின்றன.

செங்கல்பட்டு மாவட்டத்தின் கடலோரத்தில் இந்த வேலை பலருக்குத் தேவைப்படுகிறது. கோவளத்திலிருந்து மாமல்லபுரம், கல்பாக்கம், கடப்பாக்கம் வரை மணல் நிலமெங்கும் சவுக்கு. சென்னை மாகாணத்தில் 19ஆம் நூற்றாண்டில் ரயில் இன்ஜின் விறகுக்காகப் பெரிய அளவில் நடத் தொடங்கிய மரம் அது. இன்று காகிதக்கூழ், சாரக் கொம்பு, விறகு என்று பல வழியில் விலைபோகிறது. தோப்பு வைத்திருப்பவர்கள் மட்டுமல்லாமல், தென்னையும் வேம்பும் நிற்கும் வீட்டுக்காரர்களும் இப்போது சிறிய பெட்ரோல் ரம்பமோ பேட்டரி ரம்பமோ வாங்கி வைக்கிறார்கள். காரணம் புயல். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்தபோது சாய்ந்த மரங்களை அப்புறப்படுத்தவே பல நாள் பிடித்தது. 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகிலேயே கரையேறியது. வாசலில் மரம் விழுந்து கிடக்கும்போது மரம் வெட்டும் ஆளுக்காகக் காத்திருக்க முடியாது. அந்த நேரத்தில் அலமாரியிலிருந்து எடுக்கும் ரம்பம் மொக்கையாக இருந்தால் அது இல்லாததற்குச் சமம். இன்னும் சொன்னால், மொக்கை ரம்பத்தை அழுத்தி ஓட்டுவது ஆபத்தும்கூட.

இந்தக் கடலோரத்தில் சங்கிலி வழக்கத்தைவிட வேகமாக மழுங்கும். முதல் காரணம் மணல். கடற்காற்று வாரியடிக்கும் மணல் சவுக்குப் பட்டையின் வெடிப்புகளில் ஒட்டிக் கிடக்கிறது. அடியோடு சேர்த்து அறுக்க நினைத்து ரம்பத்தைத் தரைமட்டத்தில் வைத்தால், பல் மரத்தைத் தொடும் முன்பே மணலைத் தொடுகிறது. சுழலும் சங்கிலியின் நுனி ஒரே ஒரு முறை தரையில் பட்டால் போதும், அரை மணி நேரம் தீட்டிய கூர் போய்விடும். இரண்டாவது, மரங்களின் கடினம். சவுக்கே கெட்டியான மரம். ஏரிக்கரைகளில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம் அதற்குச் சளைத்ததல்ல. தென்னை, பனை இரண்டின் தண்டிலும் சிலிக்கா இருப்பதால் அவை பல்லைத் தேய்க்கும். அவற்றின் வைரம் மற்ற மரங்களைப் போல நடுவில் இல்லாமல் வெளிச்சுற்றில் இருப்பதால், முதல் வெட்டிலேயே பல்லுக்கு முழுச் சோதனை. (பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. ரம்பத்தை எடுக்கும் முன் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி இது.) மூன்றாவது, ஆணி. சாலையோர மரங்களில் விளம்பரத் தட்டி அறைந்த ஆணிகளும், வேலிக்காகச் சுற்றிய கம்பிகளும் மரம் பருக்கப் பருக்க உள்ளே புதைந்து விடுகின்றன.

ஆகவே தீட்டும் வேலை அறுக்கும் முன்பே தொடங்குகிறது. வெட்டு விழும் இடத்தில் பட்டையை அரிவாளால் சீவி எடுப்பது, அடிமரத்தைச் சுற்றி மண்ணை மண்வெட்டியால் விலக்குவது, கீழே கிடக்கும் கட்டைக்கு ஒரு முட்டுக் கொடுத்துத் தூக்கி வைத்து அறுப்பது: இவை மூன்றும் ஒரு சங்கிலியின் ஆயுளை எவ்வளவு நீட்டும் என்பதை ஒரு முறை செய்து பார்த்தவர்கள் பிறகு விடமாட்டார்கள்.

சமமாகத் தீட்ட, பல் எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். தொடக்ககாலச் சங்கிலிகளில் கைரம்பத்தின் பற்களைப் போன்ற கீறும் பற்களே இருந்தன. அடிக்கடி தீட்ட வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழிலில் இருந்த ஜோசப் பியூஃபர்ட் காக்ஸ் 1946இல் ஒரு வண்டுப் புழு மரத்தைத் தின்று துளைப்பதைக் கவனித்தார். அந்தப் புழுவின் தாடைகள் இடமும் வலமுமாக மாறி மாறிச் சீவி, நார் எந்தப் பக்கம் ஓடினாலும் தடையின்றி முன்னேறின. அதையே இரும்பில் செய்து பார்த்தார்; அடுத்த ஆண்டே சங்கிலி தயாரிக்கும் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று உலகமெங்கும் ஓடும் சங்கிலிகளின் அடிப்படை வடிவம் அதுதான்.

அந்தப் பல்லைக் கிட்டத்தில் பார்த்தால் இரண்டு மேடுகள் தெரியும். பின்னால் இருப்பது வெட்டும் பகுதி. மேலே படுத்திருக்கும் மேல்தகடும், ஓரமாக நிற்கும் பக்கத்தகடும் ஒரு மூலையில் சந்திக்கின்றன. பக்கத்தகடு நாரைக் குறுக்கே அறுக்கிறது. மேல்தகடு அறுந்த நாரை அடியிலிருந்து சீவித் தூக்குகிறது. இரண்டும் கூடும் மூலைதான் மரத்தை முதலில் தொடுகிறது. மொக்கையாவதும் அதுதான் முதலில். முன்னால் நிற்கும் சிறிய மேடு வெட்டுவதே இல்லை. டெப்த் கேஜ் என்று கடைகளில் சொல்லும் அந்த முன்முட்டு, பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. தச்சரின் இழைப்புளியில் அடிக்கட்டையிலிருந்து அலகு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவுதான் சீவல் வரும் அல்லவா. இங்கே அடிக்கட்டையின் வேலையை முன்முட்டு செய்கிறது. பெரும்பாலான சங்கிலிகளில் முன்முட்டு பல்லின் விளிம்பைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும்.

மேல்தகடு பின்னோக்கிச் சரிந்திருக்கிறது. பக்கத்தகடும் பின்னால் போகப் போக உள்வாங்குகிறது. அறுக்கும்போது பல்லின் பின்பகுதி மரத்தில் உரசாமல் இருக்கவே இந்த அமைப்பு. இதன் விளைவு என்னவென்றால், ஒவ்வொரு முறை ராவும்போதும் பல் குட்டையாவதோடு உயரமும் குறைகிறது, வெட்டும் அகலமும் குறைகிறது. நீளமான பல் அகலமாக வெட்டும். குட்டையான பல் குறுகலாக வெட்டும். வலப்பற்கள் எல்லாம் நீளமாகவும் இடப்பற்கள் எல்லாம் குட்டையாகவும் இருந்தால் வெட்டுத்தடம் வலப்புறமே அதிகம் அகலும். பார் அந்தப் பக்கம் சாயும். சாய்ந்த பாரைச் சங்கிலி மேலும் அதே பக்கம் இழுக்கும். ரம்பம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கத்துப் பல் நீளமாகவோ கூராகவோ இருக்கிறது என்பது பொது விதி. நீளம் மட்டுமே பார்த்தாலும் போதாது. ஒரு பக்கம் 30 டிகிரியிலும் மறுபக்கம் 20 டிகிரியிலும் ராவப்பட்டிருந்தாலும், ஒரு பக்கத்து முன்முட்டுகள் மட்டும் தாழ்ந்திருந்தாலும் இதே கோணல் வரும்.

வேண்டிய கருவிகள் அதிகமில்லை. உருண்டை அரம், தட்டை அரம், முன்முட்டை அளக்கும் சின்னத் தகடு, வெர்னியர் காலிப்பர், கம்பி பிரஷ், கையுறை, ஒரு மார்க்கர் பேனா. இவற்றில் தவறாமல் சரியாக இருக்க வேண்டியது உருண்டை அரத்தின் பருமன். அது சங்கிலியின் பிட்ச்சைப் பொறுத்தது. அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் நடுப்புள்ளிகளை அளந்து, முதலுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் வருவது பிட்ச். வீட்டு உபயோகத்துக்கான சிறிய ரம்பங்களில் பெரும்பாலும் லோ புரொஃபைல் எனப்படும் தாழ்ந்த பல் கொண்ட மூன்றெட்டு (3/8 அங்குல) பிட்ச் இருக்கும். அதற்கு 4 மி.மீ. அரம். சற்றுப் பெரிய பெட்ரோல் ரம்பங்களில் 0.325 அங்குலம், அதற்கு 4.8 மி.மீ. தொழில்முறை ரம்பங்களின் முழு அளவு மூன்றெட்டுக்கு 5.2 அல்லது 5.5 மி.மீ.; தயாரிப்பாளர் சொல்வது எதுவோ அதை வாங்க வேண்டும். கடைகளில் இதே அரங்கள் 5/32, 3/16, 13/64, 7/32 என்று அங்குலக் கணக்கிலும் கிடைக்கும். ஒரு சுற்று மெலிந்த அரம் பல்லின் அடியைக் குடைந்து விளிம்பைக் கொக்கியாக்கும். பருத்த அரம் விளிம்பைப் பின்னுக்குத் தள்ளிக் கடிக்காமல் செய்துவிடும். கிடைத்த அரத்தை வைத்துச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் சங்கிலிக்குத்தான் நஷ்டம்.

பெட்ரோல் ரம்பமாக இருந்தால் இன்ஜினை நிறுத்தி ஸ்பார்க் பிளக்கின் மூடியைக் கழற்றிவிட வேண்டும். பேட்டரி ரம்பத்தில் பேட்டரி வெளியே. மின்சார ரம்பத்தில் வயர் பிளக்கிலிருந்து உருவப்பட்டிருக்க வேண்டும். ஓடாத சங்கிலியும் கையைக் கிழிக்கும் என்பதால் கையுறை கட்டாயம். எண்ணெயும் பிசினும் கலந்த அழுக்கைப் பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்த பிறகே அரத்தைத் தொட வேண்டும்; எண்ணெய் பிடித்த அரம் வழுக்கும், உலோகத்தைக் கடிக்காது. பிறகு பாரை அசையாமல் பிடிக்க வேண்டும். வைஸ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு தடித்த கட்டையில் ரம்பத்தாலேயே ஒரு பிளவு போட்டு வைத்துக்கொண்டு, பாரை அதில் செருகிப் பக்கத்தில் ஆப்பு இறுக்கினால் போதும். மடியில் வைத்துத் தீட்டும் பழக்கம் சமத்துக்கு முதல் எதிரி. கை ஆடும், ரம்பம் ஆடும், கோணம் பல்லுக்குப் பல் மாறும். சங்கிலியும் தொய்வின்றி இறுக்கமாக இருக்க வேண்டும்; தொய்ந்த சங்கிலியில் பல் அரத்தோடு சேர்ந்து சாயும்.

அரத்தை எடுக்கும் முன் எல்லாப் பல்லையும் ஒரு முறை சுற்றிப் பார்த்து, இருப்பதிலேயே குட்டையானதைக் கண்டுபிடிக்க வேண்டும். மேல்தகட்டின் முன்விளிம்பிலிருந்து பின்முனை வரை வெர்னியரால் அளந்தால் அது தெரிந்துவிடும். அந்தப் பல்தான் இன்றைய அளவு. அதற்கு மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, அதை முதலில் முழுக்கக் கூராக்கி, மீண்டும் அளந்து அந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். மற்ற 27 பற்களும் அந்த எண்ணுக்கு வர வேண்டும். அந்தப் புள்ளி சுற்று முடிந்ததையும் காட்டும். எங்கே தொடங்கினோம் என்று தெரியாமல் சில பற்களை இரண்டு முறை ராவிவிடுவது வழக்கமான தவறு. இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. ஆணியிலோ கல்லிலோ பட்டு ஒன்றிரண்டு பற்கள் மட்டும் பாதியாக உடைந்திருந்தால், அவற்றுக்காக மற்ற எல்லாவற்றையும் தேய்த்துக் குட்டையாக்குவது வீண். அந்த ஒன்றிரண்டையும் அப்படியே விட்டு, மீதியைச் சமமாக்கினால் போதும். நாலைந்து முறை தீட்டியபின் மற்றவை அவற்றின் அளவுக்கு வந்து சேரும். ஒரே பக்கத்தில் பல பற்கள் அடிபட்டிருந்தால் மட்டும் இந்தச் சலுகை செல்லாது.

அடுத்தது கோணம். பாருக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 30 டிகிரி திரும்பி நிற்க வேண்டும் என்பது பெரும்பாலான சங்கிலிகளுக்குப் பொருந்தும். சிலவற்றுக்கு 25 அல்லது 35. பல சங்கிலிகளில் மேல்தகட்டின் பின்பக்கம் ஒரு கோடு பொறித்திருக்கும். அரம் அந்தக் கோட்டுக்கு இணையாக ஓடினால் கோணம் சரி. கோடு தேய்ந்திருந்தால் பிள்ளைகளின் ஜியோமெட்ரி பெட்டியில் கிடக்கும் 30-60 மூலைமட்டம் கைகொடுக்கும். ஒரு பலகையில் பாரின் ஓரத்துக்கு இணையாக ஒரு நேர்கோடு இழுத்து, மூலைமட்டத்தின் குட்டைப் பக்கத்தை அதன்மேல் வைத்து நீண்ட சாய்வுப் பக்கத்தை ஒட்டிக் கோடு போட்டால் அது பாருக்கு 60 டிகிரியில், அதாவது செங்குத்திலிருந்து 30 டிகிரியில் இருக்கும். மூலைமட்டத்தைப் புரட்டி வைத்து மறுபக்கத்துக்கும் ஒரு கோடு. இந்தப் பலகையை ரம்பத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு, அரத்தின் போக்கைக் கோட்டோடு ஒப்பிட்டபடியே ராவலாம். அரத்தின் மேல் மாட்டும் வழிகாட்டித் தகடுகளும் கடைகளில் கிடைக்கின்றன. புதிதாகக் கற்பவர்கள் அதில் ஒன்றை வாங்குவது நல்லது. அது கோணத்தோடு உயரத்தையும் காத்துக்கொடுக்கிறது.

உயரமும் கோணத்துக்கு நிகரான முக்கியத்துவம் உடையது. அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு மேல்தகட்டுக்கு மேலே தெரிய வேண்டும், 4.8 மி.மீ. அரமென்றால் ஏறத்தாழ 1 மி.மீ. அரம் கீழே இறங்கினால் விளிம்பு கொக்கியாக வளைந்து, முதல் சில நிமிடம் வெறித்தனமாகக் கடித்துவிட்டுச் சட்டென்று மழுங்கும். மேலே ஏறினால் விளிம்பு சரிந்து மரத்தின் மேல் வழுக்கும்.

அரத்தைப் பல்லின் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கித் தள்ள வேண்டும். இடப்பல்லை ராவுவதற்கு ரம்பத்தின் வலப்புறம் நிற்க வேண்டும், வலப்பல்லுக்கு இடப்புறம். தள்ளும்போது மட்டுமே அழுத்தம். திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். இழுத்துத் தேய்த்தால் அரத்தின் பற்கள்தான் மழுங்கும். அரத்தின் முழு நீளத்தையும் பயன்படுத்தி, ஒவ்வொரு தள்ளலுக்கும் லேசாகச் சுழற்றிக்கொண்டே போனால் அரமும் சமமாகத் தேயும். கொஞ்சமே மழுங்கிய பல்லுக்கு இரண்டு மூன்று தள்ளல் போதும். மணலில் பட்ட பல்லுக்குப் பத்துகூட ஆகலாம். ஒரு பக்கத்துப் பற்கள் அனைத்தையும் முடித்துவிட்டு மறுபக்கம் போவதுதான் முறை. மாறி மாறி இரண்டு பக்கமும் ராவினால் ஒவ்வொரு பல்லுக்கும் நிற்கும் நிலை மாறி, கோணமும் மாறும்.

போதும் என்று எப்போது நிறுத்துவது? கண்ணே சொல்லிவிடும். பல்லை வெயிலுக்குக் காட்டி, விளிம்பை நேராகப் பார்க்க வேண்டும். மழுங்கிய விளிம்பு உருண்டிருப்பதால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். மெல்லிய வெள்ளைக் கோடாக, சில இடங்களில் வெறும் புள்ளியாக, அது மினுங்கும். ராவ ராவ அந்தக் கோடு மெலிந்து, மூலைப்பக்கம் கடைசியாக ஒரு புள்ளி மிஞ்சும். அந்தப் புள்ளியும் மறைந்தால்தான் பல் முழுக்கக் கூரானது. பல்லின் வெளிப்புறத்தில் மெல்லிய குரோம் பூச்சு இருக்கிறது; வெட்டும் விளிம்பின் உறுதியைத் தாங்குவது அந்தப் பூச்சுதான். மணல் அந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்திருந்தால், சுரண்டல் முடியும் இடம் வரை பின்னுக்கு ராவினால்தான் கூர் நிற்கும். பாதியில் விட்டவர்கள்தான் "தீட்டி அரை மணி நேரத்தில் மறுபடியும் மொக்கை" என்று சலித்துக்கொள்கிறார்கள்.

இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் தள்ளினால் சமமாகிவிடும் என்று பல கையேடுகள் சொல்கின்றன. அது அரைகுறை உண்மை. ஒவ்வொருவர் கைக்கும் வாகான பக்கம் ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கம் நிற்கும்போது தோளும் முழங்கையும் ஒரே கோட்டில் வந்து, ஒவ்வொரு தள்ளலும் கூடுதலாக உலோகத்தை எடுக்கும். மறுபக்கம் உடம்பு குறுக்கே திரும்புகிறது. அழுத்தம் குறைகிறது, அரத்தின் நுனியும் தணிகிறது. பத்துப் பதினைந்து முறை தீட்டிய சங்கிலியை அளந்தால் ஒரு பக்கம் முழுவதும் அரை மி.மீ. குட்டையாக இருப்பது இப்படித்தான். எனவே எண்ணிக்கையைவிட வெர்னியரை நம்புவதே சரி. வாகில்லாத பக்கத்துக்கு எத்தனை தள்ளல் கூடுதலாகத் தேவை என்பது சில சங்கிலிகளுக்குப் பிறகு அவரவருக்குத் தெரிந்துவிடும். ரம்பத்தையே திருப்பி வைத்து, இரண்டு பக்கத்துக்கும் உடம்பு ஒரே வாகில் நிற்கும்படி செய்துகொள்வது இன்னும் நல்ல வழி.

பற்கள் சமமானபின் முன்முட்டுகள். பல்லை ராவ ராவ விளிம்பு தணிகிறது; முன்முட்டோ அப்படியே நிற்கிறது. இரண்டுக்கும் இடையிலான 0.65 மி.மீ. கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, ஒரு கட்டத்தில் பல் எவ்வளவு கூராக இருந்தாலும் மரத்தைத் தொடாத நிலை வரும். கூராகத்தான் இருக்கிறது, ஆனால் அறுக்கவில்லை என்ற புகாருக்கு முக்காலே மூணுவீசம் இதுவே காரணம். மூன்று நான்கு முறை தீட்டியபின் ஒரு முறையாவது அளவுத்தகட்டைப் பல்லின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். தகட்டின் பிளவுக்கு மேலே முன்முட்டு எட்டிப் பார்த்தால், அந்த அளவை மட்டும் தட்டை அரத்தால் ராவி, முன்பக்க மூலையைப் பழையபடி உருட்டிவிட வேண்டும். உருட்டாமல் விட்டால் அது மரத்தில் முட்டும். பல பற்களின் மேல் படுக்கும் நீளத் தகட்டைவிட ஒரு பல்லை மட்டும் அளக்கும் தகடு சிறந்தது. அது ஒவ்வொரு முன்முட்டையும் அதனதன் பல்லோடு ஒப்பிடுகிறது. முன்பு சொன்ன உடைந்த பல்லும் இப்படித்தான் மற்றவற்றோடு ஒத்துப்போகும்.

முன்முட்டை வேண்டுமென்றே அதிகம் தாழ்த்தினால் வேகமாக அறுக்கும் என்று சிலர் செய்வதுண்டு. இது கடும் தவறு. பல் தாங்க முடியாத அளவு மரத்தைக் கடிக்கும்; இன்ஜின் திணறும்; பாரின் மூக்கின் மேற்பாதி எதிலாவது பட்டால் ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் பின்னோக்கி எகிறி முகத்தை நோக்கி வரும். சவுக்கு, சீமைக்கருவேலம் போன்ற கெட்டி மரங்களில் இந்த எகிறல் இன்னும் மோசம்.

இவ்வளவும் செய்தபின்னும் ரம்பம் ஒரு பக்கமாக இழுத்தால், குற்றம் பெரும்பாலும் பல்லில் இல்லை, பாரில் இருக்கிறது. சங்கிலி ஓடும் பள்ளத்தின் இரண்டு கரைகளும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். ஒரு கரை தேய்ந்தால் சங்கிலி சாய்ந்தே ஓடும். பாரை நிமிர்த்தி ஒரு சமதளக் கண்ணாடியின் மேல் நிறுத்தினால், நேராக நிற்கிறதா சாய்கிறதா என்று பார்த்துவிடலாம். கரையில் பிதுங்கிய பிசிறைத் தட்டை அரத்தால் எடுத்து, பள்ளத்தில் அடைத்த மரத்தூளையும் எண்ணெய்த் துளையையும் ஒரு மெல்லிய தகட்டால் சுத்தம் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறை தீட்டும்போதும் பாரைத் தலைகீழாகப் புரட்டி மாட்டினால் இரண்டு கரையும் சமமாகத் தேயும்.

கையால் ராவுவதற்குப் பதில் கிரைண்டர் வைத்துத் தீட்டும் கடைகளும் உண்டு; சிறிய கிரைண்டர்கள் வீட்டுக்கும் கிடைக்கின்றன. கோணத்தையும் நீளத்தையும் நிலைப்படுத்தி வைக்கும் வசதி இருப்பதால் சமத்தில் கிரைண்டர் கையை வெல்லும். மிகவும் சிதைந்த சங்கிலியை ஒரே அளவுக்குக் கொண்டுவர அதுவே ஏற்ற வழி. ஆனால் சூட்டில் தோற்றுவிடும். சக்கரத்தைப் பல்லில் அழுத்திப் பிடித்தால் இரண்டு மூன்று விநாடியில் விளிம்பு நீலம் பாய்ந்துவிடும். எஃகு சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டதன் அடையாளம் அது. அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது. மாமல்லபுரத்தில் ஐந்து ரதம் செல்லும் சாலையோரச் சிற்பப் பட்டறைகளில் உளி மழுங்கினால் உலையில் காய்ச்சி, அடித்து, தண்ணீரில் தோய்த்து மறுபடியும் பதமேற்றிவிடுகிறார்கள். சங்கிலிப் பல்லுக்கு அந்த வழி இல்லை. நீலம் பாய்ந்த பகுதி முழுவதையும் ராவித் தள்ள வேண்டும். சில சமயம் அந்த இடம் கெட்டித்துப்போய் அரம் வழுக்கும். கிரைண்டரில் தீட்டுபவர்கள் சக்கரத்தைத் தொட்டுத் தொட்டு எடுப்பதும், ஒரு சுற்றில் கொஞ்சமாக எடுத்து இரண்டாவது சுற்றில் முடிப்பதும் இதனால்தான்.

தீட்டிய சங்கிலியின் தரத்தை மரத்தூள் சொல்லும். பச்சைச் சவுக்கில் கூரான சங்கிலி மெல்லிய சீவல்களை வீசும். மாவாக உதிர்ந்தால் பல் மொக்கை, அல்லது முன்முட்டு உயரம். நன்றாகக் காய்ந்த கட்டையில் கூர்ச்சங்கிலிகூடத் தூளாகத்தான் தள்ளும் என்பதால், பச்சை மரத்தில் பார்ப்பதே சரியான சோதனை. நேராக ஓர் அறுப்பு போட்டு, வெட்டிய முகத்தில் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். கோணல் தெரிந்தால், இழுக்கும் பக்கத்துப் பற்களை மட்டும் அளந்து ஒரு தள்ளலோ இரண்டோ கூடுதலாக ராவ வேண்டும்.

இனி வாங்கப்போகும் சங்கிலியைப் பற்றியும் ஒரு சொல். மேல்தகடும் பக்கத்தகடும் கூர்முனையாகச் சந்திக்கும் பற்கள் சுத்தமான மரத்தில் வேகமானவை, ஆனால் மணலில் அந்த முனை முதலில் போய்விடும். மூலை உருண்ட பல் சற்று மெதுவாக அறுத்தாலும் அழுக்கு மரத்தில் நெடுநேரம் கூர் தாங்கும். கடலோரத் தோப்புக்கு அதுவே பொருத்தம். கார்பைடு பல் வைத்த சங்கிலிகளும் உண்டு. அவை மணலைத் தாங்கும், ஆனால் சாதாரண அரம் அவற்றின்மேல் வேலை செய்யாது, வைரச் சக்கரம் வேண்டும். வீட்டில் இரண்டு மூன்று சங்கிலிகளை வைத்து முறைவைத்து மாட்டினால், தோப்பில் நின்று அவசரத்தில் தீட்ட வேண்டியிருக்காது. சங்கிலியை ஓட்டும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டும் எல்லாச் சங்கிலியோடும் ஒத்துத் தேயும். பெட்ரோல் டேங்க் ஒவ்வொரு முறை தீரும்போதும் இரண்டு தள்ளல் போடும் பழக்கம் இருந்தால், பெரிய தீட்டல் அபூர்வமாகத்தான் தேவைப்படும்.

உப்புக்காற்று அரத்தையும் சங்கிலியையும் ஒரே மழைக்காலத்தில் துருவேற்றிவிடும். அரங்களை ஒன்றோடொன்று உரசாமல் துணியில் சுற்றி, மூடியுள்ள குழாயில் ஈரமின்றி வைக்க வேண்டும். அவற்றில் எண்ணெய் படக்கூடாது. சங்கிலிக்கு நேர்மாறு: தீட்டி முடித்ததும் எண்ணெயில் ஊறவிட்டு, வடித்து, டப்பாவில் போட்டுவைக்கலாம். வண்டியில் வடித்த பழைய இன்ஜின் ஆயிலை இதற்கு ஊற்றுவதைத் தவிர்க்க வேண்டும். அதில் மிதக்கும் நுண்ணிய உலோகத்தூள் பாரின் பள்ளத்தையும் ரிவெட்டுகளையும் அரிக்கும்.

பல சங்கிலிகளின் மேல்தகட்டில் பின்முனையருகே ஒரு தேய்மானக் குறி இருக்கும். குறி இல்லாதவற்றில் மேல்தகட்டின் மிச்ச நீளம் 4 மி.மீ. என்பதை எல்லையாகக் கொள்ளலாம். 28 பற்களில் ஒன்று அந்த எல்லையைத் தொட்டாலும் அந்தச் சங்கிலியைக் கழற்றிப் பழைய இரும்பில் போட்டுவிட வேண்டும். அதற்குமேல் ராவினால் பல் ஓட்டத்தில் முறிந்து பறக்கக்கூடும். கண்ணியில் வெடிப்போ, தளர்ந்து ஆடும் ரிவெட்டோ தென்பட்டால், பல் எவ்வளவு நீளம் மிச்சமிருந்தாலும் அதே முடிவுதான்.